டி-காடிக்கு ஒரு நட்டு

சாத்தம் தீவில் அரசு மர அறுவை ஆலை 1883-இல் தொடங்கியது. படாக், குர்ஜன், கோகோ, மார்பிள் மரம் என்று அந்தமான் காட்டின் பெருமரங்கள் அங்கே அறுபட்டுக் கப்பலேறின. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இயற்கையாக வளர்ந்த மரங்களைத் தீவு மக்களின் சொந்தத் தேவைக்கு மேல் வெட்டக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. அன்றிலிருந்து தீவுகளில் மரவேலையின் கணக்கே மாறிவிட்டது. பெரார்கஞ்சில் சின்னப் பட்டறை நடத்தும் ஒரு தச்சருக்கு இன்று கிடைக்கிற நல்ல படாக் பலகை, ஒரு தப்பு வெட்டில் இழந்துவிடக் கூடிய பொருள் இல்லை.

வெட்டு தப்பாமலிருக்க வேண்டுமானால் பலகை அசையக் கூடாது. கைடு நழுவக் கூடாது. ஒரே அளவில் பத்துத் துண்டு வேண்டுமென்றால் நிறுத்துக் கட்டை நிறுத்திய இடத்திலேயே நிற்க வேண்டும். இவ்வளவையும் எந்திர மேசையோடு சேர்த்துப் பிடிப்பது, மேசையில் வெட்டப்பட்ட டி-ஸ்லாட்டும் அதற்குள் ஓடும் நட்டும்தான். மேலே குறுகிய வாய், அடியில் அகன்ற அறை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் தலைகீழான டி எழுத்து. டேபிள் சா, ஸ்பிண்டில் மோல்டர், ரவுட்டர் மேசை, துளை மெஷின் எல்லாவற்றிலும் இந்தக் காடி ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. எந்திரம் வாங்கும்போது காடி கூடவே வந்துவிடுகிறது. அதற்குரிய நட்டு வருவதில்லை. வந்தாலும் இரண்டு மழைக்காலத்துக்குள் எங்கேயோ விழுந்து தொலைந்துபோகும்.

அந்த நட்டை எங்கே வாங்குவது, கிடைக்காவிட்டால் எப்படிச் செய்வது என்பது தீவுப் பட்டறைகளில் ஓயாத கேள்வி. இதற்குச் சொல்லப்படும் வழிகள் நிறைய. எந்த வழியையும் எடைபோட ஒரே அளவுகோல் போதும்: மேசையின் உதடு, அதாவது அறைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் வாயின் ஓரம், உடையாமல் தப்புமா?

காரணம் உலோகத்தில் இருக்கிறது. மேசை வார்ப்பிரும்பு. அழுத்தினால் எவ்வளவும் தாங்கும். இழுத்தால் அந்தத் தாங்குதிறன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். டி-காடியில் நட்டை இறுக்கும்போது உதடு மேல்நோக்கி வளைக்கப்படுகிறது. வார்ப்பிரும்புக்குக் கொஞ்சமும் ஒத்துவராத வேலை அது. வளைந்து எச்சரிக்கை கொடுக்காது. ஒரு சத்தத்தோடு துண்டு கையில் வந்துவிடும். கெட்டுப்போன நட்டை அரை நாளில் மறுபடி செய்யலாம். உடைந்த உதட்டை வைத்துக்கொண்டு புது மேசைக்காகச் சென்னைக்கோ லூதியானாவுக்கோ எழுதிப்போட வேண்டும்.

உதடு உடைவதற்கு மிகப் பொதுவான காரணம் அளவுக்கு மீறிய பலம் இல்லை. போல்ட்டின் நுனி நட்டைத் துளைத்துக் கீழே இறங்கி, காடியின் அடித்தளத்தில் முட்டுவதுதான். அந்த நொடியிலிருந்து போல்ட் ஜாக்கியாக மாறிவிடுகிறது. திருகத் திருக நட்டை மேலே தூக்கி, இரண்டு உதடுகளையும் அடியிலிருந்து பெயர்க்கும். கடையில் விற்கும் நல்ல டி-நட்டுகளைக் கவிழ்த்துப் பார்த்தால் கடைசி மரை நசுக்கப்பட்டிருக்கும். போல்ட் அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அதைத் தயாரிப்புக் குறை என்று நினைத்து டேப் விட்டுத் திறந்துவிடுகிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யக் கூடாது.

டி-காடிக்குத் தரநிலை இருக்கிறது. உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 299. இந்தியத் தரநிலையில் ஐ.எஸ். 2013 காடிக்கும், 2014 டி-போல்ட்டுக்கும், 2015 டி-நட்டுக்கும் உரியவை. ஜெர்மன் எண்கள் டின் 650, 787, 508; வியாபாரிகள் அதிகம் சொல்வது இந்த டின் எண்களைத்தான். காடியின் வாய் 8, 10, 12, 14, 18 மி.மீ. என்று படிப்படியாகப் போகும். 14 மி.மீ. வாய் உள்ள காடியில் அடி அறை 23 மி.மீ. அகலமும் 9 மி.மீ. உயரமுமாவது இருக்கும். அதற்குரிய நட்டின் பாதம் 22 மி.மீ. அகலம், 8 மி.மீ. கனம், மரை எம் 12. நட்டின் கழுத்து எப்போதும் உதட்டின் கனத்தைவிடக் குட்டை. கழுத்து மேசை மட்டத்துக்கு மேலே தலைகாட்டினால், இறுக்கும் பலம் கைடுக்குப் போகாமல் நட்டிலேயே தங்கிவிடும். போல்ட் இறுகியிருக்கும், கைடு மட்டும் ஆடும்.

இந்த அட்டவணை உலோக எந்திரங்களுக்குச் சரி. மர எந்திரங்கள் அதற்குள் அடங்குவதில்லை. அமெரிக்க வழியில் வந்த டேபிள் சாக்களில் மைட்டர் கேஜ் ஓடும் காடி முக்கால் இஞ்ச், அதாவது 19 மி.மீ. அகலம்; ஆழம் 9.5 மி.மீ. சிலவற்றில் அதன் அடியில் சுமார் 24 மி.மீ. அகலத்துக்கு 3 மி.மீ. உயரத்தில் ஒரு சிறு அறை வெட்டியிருக்கும். கேஜின் தண்டு மேலே கவிழாமல் பிடிக்கும் வட்ட வாஷர் ஓடுவதற்கான இடம் அது. எந்தத் தரநிலை டி-நட்டும் அதற்குப் பொருந்தாது. பட்டாலா, லூதியானா, கோயம்புத்தூர் பக்கங்களின் சிறு வார்ப்பாலைகளிலிருந்து வந்த பழைய கூட்டு மெஷின்களிலோ, வெட்டியவர் கையில் அன்று இருந்த கட்டர் என்ன அளவோ அதுதான் காடியின் அளவு.

ஆகவே கடைக்குப் போகும்முன் வெர்னியரை எடுக்க வேண்டும். வாயின் அகலம், அறையின் அகலம், அறையின் உயரம், மொத்த ஆழம் என்று நான்கு அளவு. நான்கையும் காடியின் இரு முனைகளிலும் நடுவிலும் எடுக்க வேண்டும். பழைய மேசையில் மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மூன்றில் மிகச் சிறியது எதுவோ அதுதான் நட்டுக்கான அளவு. அதற்கும் முன்னால் ஒரு கம்பியால் காடியைச் சுரண்டிச் சுத்தம் செய்வது நல்லது. மரத்தூளும் பழைய கிரீஸும் இறுகி அடியில் கல்லாகக் கிடக்கும். அதன்மேல் வைத்து அளந்தால் எல்லாமே பொய்.

அடுத்த தொல்லை மரை. ஜோசப் விட்வொர்த் 1841-இல் 55 பாகை மரையை முன்வைத்தார். 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையைக் கொண்டுவந்தார். பின்னர் மெட்ரிக் வந்தது. இந்தியா 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறைக்கு மாறினாலும், வன்பொருள் கடைகளில் விட்வொர்த் மரை இன்றும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டுத் தச்சர் இஞ்சில் எட்டில் ஒன்றை ஒரு நூல் என்பார். இந்தி பொதுமொழியாகப் புழங்கும் அந்தமானில் அதுவே ஒரு சூத். ‘டாய் சூத் போல்ட்’ என்று கேட்டால் கிடைப்பது இரண்டரை நூல், 7.94 மி.மீ. பார்வைக்கு எம் 8 மாதிரியே இருக்கும். ஆனால் இஞ்சுக்கு 18 மரை என்பதால் மரைக்கு மரை 1.41 மி.மீ.; எம் 8-இல் 1.25. எம் 8 நட்டுக்குள் இரண்டு சுற்று இலகுவாகப் போய், பிறகு பிடித்துக்கொள்ளும். அங்கே ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் இரண்டும் வீண். கால் இஞ்ச் போல்ட்டில் விட்வொர்த்தும் அமெரிக்க மரையும் இஞ்சுக்கு 20 என்பதால் பெரும்பாலும் ஒத்துப்போகும். அரை இஞ்சில் 12-ம் 13-ம் மோதும். கையில் ஒரு நட்டு மாதிரியை எடுத்துப் போகாமல் வாய்வார்த்தையாக வாங்கிய போல்ட்டுகள் எத்தனையோ பட்டறைகளில் பழைய டப்பாவில் தூங்குகின்றன.

வாங்குவது என்று முடிவு செய்தால் பெரார்கஞ்சிலிருந்து வழி பாம்பூ பிளாட் இறங்கி, படகில் சாத்தம் கடந்து, இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேருக்குப் போகிறது. அங்கே சாதாரண அறுகோண போல்ட்டு தாராளம். டி-நட்டு என்று கேட்டால் பலகைக்குள் அடிக்கும் முள்நட்டைக் காட்டக் கூடும். அதன் பெயரும் டி-நட்டுதான், ஆனால் நாற்காலிக் காலுக்கான சரக்கு. டின் 508 நட்டு சென்னை ஜார்ஜ் டவுனில் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெருப் பக்கமோ, மும்பை நாக்தேவி தெருவிலோ கிடைக்கும். கப்பலில் சென்னையிலிருந்து ஏறக்குறைய மூன்று நாள். காத்திருக்கலாம், தவறில்லை, ஆனால் தரநிலைக் காடி இருப்பவருக்கே இந்தக் காத்திருப்பில் பலன் உண்டு.

டி-நட்டு என்று பெயர் எழுதாத சில பொருள்கள் அதே வேலையைச் செய்யும். அலுமினிய டி-டிராக்குக்குள் சாதாரண அறுகோண போல்ட்டின் தலையே ஓடும். எம் 6 போல்ட்டின் தலை 10 மி.மீ., எம் 8-க்கு 13. தலை அறைக்குள் நுழைந்தும் சுழலாமல் இருந்தால் போதும். எம் 8 தலையின் மூலைக்கு மூலை அளவு ஏறத்தாழ 14.5 மி.மீ. என்பதால், அறை அதைவிட அகலமாக இருந்தால் போல்ட் சுற்றத் தொடங்கிவிடும். சதுரத் தலை போல்ட்டில் இந்தத் தொல்லை கிடையாது: அதே 13 மி.மீ. தலைக்கு மூலை அளவு 18-ஐத் தாண்டும். கதவு, படகு வேலைகளுக்கு விற்கும் கேரேஜ் போல்ட்டின் சதுரக் கழுத்து, வாய் சரியாக அமைந்தால், பூட்டியது போல நிற்கும். ஆனால் அதன் குவிந்த தலை உதட்டின் அடியில் போதிய பரப்பில் உட்காருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு மூலம் அதிகம் பேசப்படாதது. சூரிய மின் பலகைகளை அலுமினியத் தண்டவாளத்தில் பொருத்தச் சுத்தியல் தலை போல்ட் பயன்படுகிறது. பெரும்பாலும் எம் 8, துருப்பிடிக்காத எஃகு. வாய்க்குள் நேராக இறக்கிக் கால் சுற்றுத் திருப்பினால் தலை குறுக்கே நின்று கவ்வும். என்.எல்.சி. இந்தியா நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்திருக்கிறது. வீட்டுக் கூரைகளிலும் பலகைகள் ஏறியிருக்கின்றன. அந்த வேலை செய்யும் பொருத்துநர்களிடம் விசாரிப்பது, மரவேலைக் கடைகளைச் சுற்றுவதைவிடச் சில நேரம் சீக்கிரம் பலன் தரும்.

இனி செய்வது. இதற்கு மில்லிங் மெஷின் தேவையில்லை. 19 மி.மீ. மைட்டர் காடிக்கு, அடியில் 24-க்கு 3 அறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25-க்கு 10 எம்.எஸ். பட்டையில் 50 மி.மீ. நீளம் வெட்டிக்கொள்ள வேண்டும். அகலத்தை அரத்தால் 23.5-க்கும், கனத்தை 8.8-க்கும் கொண்டுவர வேண்டும். மார்க்கர் பேனாவால் முகத்தைக் கறுப்பாக்கி, அடியிலிருந்து 2.8 மி.மீ. உயரத்தில் சுற்றிலும் ஒரு கோடு கீறினால், அது பாதத்தின் கனம். மேல்முகத்தில் இரு ஓரமும் 2.35 மி.மீ. உள்ளே தள்ளி இரண்டு கோடு. நடுவே மிஞ்சும் 18.8 கழுத்து. ஆக்சா பிளேடால் கோட்டுக்கு வெளியே, அரை மி.மீ. விட்டு, இரண்டு பக்கமும் படி அறுத்தெடுக்க வேண்டும். மிச்சம் அரம் பார்த்துக்கொள்ளும். அரத்தின் ஒரு விளிம்பு பல் இல்லாததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்தைத் தேய்க்கும்போதே பாதமும் தேய்ந்து மெலியும்.

பாதமும் கழுத்தும் சந்திக்கும் உள்மூலையில்தான் கை தெரியும். அங்கே சிறு மேடு மிஞ்சினால் நட்டு உதட்டின் முனையில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். முழுப் பலமும் அந்த ஒரு கோட்டில் விழும். மூலையைக் கொஞ்சம் உள்ளே குடைந்துவிடுவது உத்தமம். காடிக்குள் விட்டு, மேலே இழுத்தபடி முழு நீளத்துக்கும் ஓட்டிப் பார்த்து, மினுங்கும் இடங்களை மட்டும் தேய்க்க வேண்டும். பிறகு நடுவில் 6.8 மி.மீ. துளை, எம் 8 டேப். செட்டின் எந்த டேப்பையும் கீழ்வரை முழுதாக விடாமல் நிறுத்தினால், அடி மரை முழுமை பெறாது. அதன்மேல் சென்டர் பஞ்சால் இரண்டு தட்டு. ஜாக்கி ஆபத்து அதோடு தீர்ந்தது. மரையின் பிடிப்பு நீளம் 7 மி.மீ.க்குக் குறையாமல் கிடைக்கிறது. எம் 8-க்கு அது தாராளம்.

50 மி.மீ. நீளம் எதற்கு? அறுகோணத் தலை 13 மி.மீ. நீளத்தில் தரும் அழுத்தத்தை இது ஏறக்குறைய நான்கு மடங்கு நீளத்தில் பரப்புகிறது. உதட்டுக்கு அவ்வளவு நிம்மதி.

பலத்தின் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். 8.8 தர எம் 8 போல்ட்டை ஸ்பானரால் முழு இறுக்கத்துக்கு முடுக்கினால் அதில் ஏறும் இழுவிசை ஒன்றரை டன்னுக்கு மேல். கையால் திருகும் குமிழ் போட்டால் 300 கிலோ அளவில் நின்றுவிடும். மரக் கைடையோ நிறுத்துக் கட்டையையோ பிடிக்க அதுவே மிகுதி. மர எந்திரத்தின் டி-காடியில் ஸ்பானரை விலக்கி, குமிழையோ சிறகு நட்டையோ மாட்டுவதுதான் உதட்டுக்குச் செய்யும் மலிவான காப்பீடு. படாக் துண்டிலேயே அழகான குமிழ் கடைந்துகொள்ளலாம்.

வெல்டிங் வழி இன்னும் சுலபம். கிரில் பட்டறை இல்லாத ஊர் இல்லை. அறைக்குள் நுழையும் பட்டையில் துளையிட்டு, மேலே ஒரு நட்டை வைத்து நான்கு புள்ளி வெல்டு வைத்தால் டி-நட்டு தயார். வாய் அகலம் நட்டைவிடப் பெரிதாக இருக்கும் காடிகளுக்கே இது பொருந்தும். துத்தநாகம் பூசிய நட்டாக இருந்தால் பூச்சைத் தேய்த்தெடுத்த பிறகே வெல்டிங். அந்தப் புகை காய்ச்சலும் குளிரும் கொண்டுவரும். 8.8 தர போல்ட்டில் வெல்டு வைத்தால் சூட்டில் அதன் தரம் போய்விடும், சாதாரண போல்ட்டே போதும். வெல்டுக்குப் பின் பட்டை வளைந்திருக்கும்; அரத்தால் சமப்படுத்தாமல் காடியில் விடக் கூடாது.

அடி அறையே இல்லாத, வெறும் செவ்வகக் காடி இருக்கும் மேசைகளும் உண்டு. அங்கே விரியும் பட்டைதான் வழி. காடி அகலத்துக்குச் சரியான பட்டையில் நீளவாக்கில் ஒரு பிளவு அறுத்து, பிளவின் மேல் கூம்புத் தலைத் திருகுக்குப் பள்ளம் போட்டு, திருகை இறுக்கினால் பட்டை விரிந்து காடியின் சுவர்களைக் கவ்வும். பலம் பக்கவாட்டில் போவதால் உதடு என்ற கவலையே எழாது. படாக் மரத்தில் செய்தால்கூட லேசான கைடுகளுக்குப் போதும். ரம்பப் பல் படக்கூடிய தூரத்தில் எஃகை அறவே தவிர்த்து மரம், அலுமினியம், பித்தளை மட்டுமே வைக்க வேண்டும்.

தீவின் காற்று இந்தக் கணக்குகளையெல்லாம் கொஞ்சம் திருத்துகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை, கடல் உப்பு, ஈரத்தைப் பிடித்து வைக்கும் மரத்தூள். கடைப் போல்ட்டின் மெல்லிய துத்தநாகப் பூச்சு இங்கே ஒரு பருவம் தாங்கினால் அதிகம். துருப்பிடித்து அறைக்குள் வீங்கிய நட்டைச் சுத்தியலால் தட்டி எடுக்கப் போய் உதட்டை இழந்தவர்கள் உண்டு. துருப்பிடிக்காத எஃகுக்கு வேறொரு குணம்: அதே எஃகு நட்டும் போல்ட்டும் சேர்ந்தால், கிரீஸ் இல்லாமல் இறுக்கும்போது மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அதை அலுமினிய டிராக்கில் உப்புக் காற்றில் விட்டுவைத்தால் அரிப்பு அலுமினியத்தின் பக்கம் போகும். பித்தளை நட்டும் துருப்பிடிக்காத போல்ட்டும் என்பது நல்ல ஜோடி. பித்தளை மென்மையானது, அளவுக்கு மீறி முறுக்கினால் அதன் மரை முதலில் போகும், வார்ப்பிரும்பு தப்பும். கைக் குமிழின் பலத்துக்கு அது தாராளமாகத் தாங்கும். வேலை முடிந்ததும் நட்டைக் காடியில் விட்டுவைக்காமல் எடுத்து, காடியில் மெழுகு தடவி, ஒரு மரச் சட்டத்தைச் செருகி மூடிவிட்டால் தூளும் ஈரமும் சேராது.

உதடு ஏற்கெனவே உடைந்திருந்தால்? வார்ப்பிரும்பை வெல்டு செய்து ஒட்டவைக்கும் ஆசையை விட்டுவிடலாம். சீராகச் சூடேற்றி ஆறவிடும் வசதி இல்லாத பட்டறையில் மேசையே முறுக்கிக்கொள்ளும். 18 மி.மீ. மரைன் பிளைவுட்டை மேசையின்மேல் போட்டு, அதில் அலுமினிய டி-டிராக்கைப் பதிப்பது நடைமுறை வழி. டிராக்கை மரத் திருகால் மட்டும் பிடித்தால் இறுக்கும்போது பிடுங்கிக்கொண்டு வரும். பலகையைத் துளைத்து அடியில் வாஷரும் நட்டும் போட வேண்டும். இனி தேய்வதும் பெயர்வதும் அந்தப் பலகையின் பாடு.

இவ்வளவுக்கும் தேவைப்படும் கைவேலை தீவில் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிப்பில் முதலாண்டு மாணவர்கள் அரத்தாலேயே ஒரு டி-யையும், அது வழுக்கி ஓடும் காடியையும் பொருத்திக் காட்ட வேண்டும். அந்தப் பயிற்சித் துண்டு மதிப்பெண் வாங்கியதும் பழைய இரும்புக் குவியலுக்குப் போகிறது. டோலிகஞ்ச் ஐ.டி.ஐ.யில் அதே பயிற்சியை, பெரார்கஞ்ச், விம்பர்லிகஞ்ச், பாம்பூ பிளாட் பட்டறைகளின் மேசைகளிலிருந்து எடுத்த உண்மையான அளவுகளுக்குச் செய்யச் சொன்னால் பாடத்திட்டத்தில் ஒரு வரி மாற வேண்டியதில்லை. பட்டறைக்காரர் செய்ய வேண்டியது, நான்கு அளவுகளையும் மூன்று இடங்களில் எடுத்து, மரையின் வகையோடு ஒரு தகட்டில் பொறித்து மெஷினின் காலில் மாட்டி வைப்பது. அடுத்த நட்டு தொலையும் நாளில் வெர்னியர் தேட வேண்டியிருக்காது.